ஏரிக்கு எந்தக் கேமரா?

கல்யாண வீடியோ, கோயில் திருவிழா, யூடியூப் சேனல் என்று கேமரா ஒரு பிழைப்பாகிவிட்ட காலம் இது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய சுண்ணாம்புக்குளம் போன்ற ஊரிலிருந்து ஓர் இளைஞர் கடன் வாங்கிக்கொண்டு சென்னைக்குக் கேமரா வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைப்பார். ஒன்று தொழில்முறை ஸ்டில் கேமரா. மற்றொன்று சினிமா கேமரா. இரண்டிலும் 4கே வீடியோ உண்டு. ஒரே கம்பெனியின் கேமராக்கள் என்றால் பெரும்பாலும் ஒரே லென்ஸை இரண்டிலும் மாட்டலாம். பிறகு எதை வாங்குவது?

விளம்பரங்கள் படத்தரத்தை வைத்து இதற்குப் பதில் சொல்லும். ஏரியில் வேலை செய்யப்போகிறவர் வெயில், காற்று, பறவை, உப்பு ஆகிய நான்கையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டும் நெருங்கி வந்த கதை

2008 வரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. புகைப்படக்காரரிடம் ஒரு கருவி, வீடியோகாரரிடம் வேறொரு கருவி. அந்த ஆண்டு நிக்கான் டி90 கேமராவில் வீடியோ வந்தது. அடுத்து வந்த கேனான் 5டி மார்க் 2 முழு ஹெச்டி எடுத்தது. அதன் 36 x 24 மி.மீ. சென்சார், அன்றைய செய்தி வீடியோ கேமராக்களின் சென்சாரைவிடப் பல மடங்கு பெரியது. பின்னணி கரைந்து முகம் மட்டும் தெளிவாக நிற்கும் சினிமாத் தோற்றம் சாதாரண மக்களின் கைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் இதன் விளைவு பெரியது. 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ காலத்துக் குறும்பட அலைக்கு இந்த வகைக் கேமராக்கள் தோள் கொடுத்தன. 2012-ல் பாலாஜி சக்திவேல் இயக்கி, விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்த ‘வழக்கு எண் 18/9’ கேனான் ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

அந்தக் கேமராக்களுக்குக் குறைகளும் இருந்தன. 5டி மார்க் 2-வில் ஒரு ஷாட் சுமார் 12 நிமிடம் ஓடியதும் நின்றுவிடும். ஹெட்போன் மாட்ட இடம் கிடையாது. இந்தக் குறைகளைச் சரிசெய்து, பெரிய சென்சாரை வீடியோ வேலைக்கென்றே வடிவமைத்த உடலில் வைத்துக் கேனான் 2011-ல் சி300-ஐ அறிமுகப்படுத்தியது. இன்றைய கேனான் சி70, சோனி எஃப்எக்ஸ்6 எல்லாம் அந்த வழியில் வந்தவை.

வெயில் கேட்கும் கணக்கு

ஏரியில் உச்சி வெயில். வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிறது. அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் 1/50-ல் நிற்க வேண்டும். வண்ணத்தைப் பிறகு திருத்துவதற்கு வசதியான ‘லாக்’ முறையில் பல கேமராக்களின் அடிப்படை ஐஎஸ்ஓ 800. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 800-க்குச் சரியான அளவு எஃப்/16, 1/800 என்பது பழைய பாடம். ஷட்டரை 1/50-க்குக் கொண்டுவந்தால் 16 மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். பின்னணியைக் கரைக்க எஃப்/4 வைத்தால் இன்னொரு 16 மடங்கு. ஆக 256 மடங்கு. அதைக் குறைக்காவிட்டால் படம் வெளுத்துவிடும்.

குறைப்பதற்கு உதவுவது என்டி ஃபில்டர் என்னும் கறுப்புக் கண்ணாடி. சி70-க்குள்ளேயே 10 ஸ்டாப், அதாவது சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி இருக்கிறது. எஃப்எக்ஸ்6-ல் நான்கில் ஒரு பங்கு முதல் 128-ல் ஒரு பங்கு வரை சீராகக் குறைக்கலாம். மேகம் மூடினால் ஒரு திருகு, விலகினால் ஒரு திருகு. படகை விட்டு இறங்க வேண்டியதில்லை.

ஸ்டில் கேமராவில் லென்ஸின் முன்னால் ஃபில்டரைத் திருகி மாட்ட வேண்டும். மணலும் உப்புக்காற்றும் அடிக்கும்போது அதுவே பெரிய வேலை. அளவை மாற்றக்கூடிய வேரியபிள் என்டி வாங்கினாலும் ஏரியில் ஒரு சிக்கல் உண்டு. அது இரண்டு போலரைசர் கண்ணாடிகளால் ஆனது. திருகத் திருகத் தண்ணீரின் பளபளப்பும் சேர்ந்து மாறும். ஒரே காட்சியின் இரண்டு ஷாட்களில் ஏரி இரண்டு விதமாகத் தெரியும்.

‘சினிமா’ என்ற பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. சோனி எஃப்எக்ஸ்3 சினிமா வரிசையைச் சேர்ந்தது. 2023-ல் வந்த ‘தி கிரியேட்டர்’ என்ற ஹாலிவுட் படம் அதில்தான் எடுக்கப்பட்டது. ஆனால் அதன் உடலுக்குள் என்டி இல்லை.

பறவைக்கு வேறு கணக்கு

அதே வெயில், அதே எஃப்/4. புகைப்படக்காரர் ஐஎஸ்ஓ-வை 100 ஆக்கி ஷட்டரை 1/1600 வைப்பார். ஃபில்டர் தேவையே இல்லை. கூட்டமாக எழும்பும் பூநாரைகளின் சிறகை உறையவைக்க ஏற்ற வேகமும் ஏறக்குறைய அதுதான். வீடியோகாரரை வதைக்கிற வெயில் புகைப்படக்காரருக்குக் கைகொடுக்கிறது.

இதனால்தான் வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை வெட்டிப் புகைப்படமாகக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை பலிப்பதில்லை. 1/50-ல் எடுத்த சிறகு கலங்கித்தான் இருக்கும். அளவும் போதாது. ஒரு 4கே ஃபிரேமில் இருப்பது சுமார் 83 லட்சம் புள்ளிகள். நல்ல அச்சுத்தரத்தில் 13 அங்குல அகலத்துக்கு மேல் அது தாங்காது. இன்றைய ஸ்டில் கேமராக்கள் 3.3 கோடி, 4.5 கோடி புள்ளிகள் தருகின்றன. பூநாரைகள் ஆழமில்லாத சேற்றுத்திட்டில் வெகு தூரத்தில் நிற்கும். படகு அருகே போகாது, போகவும் கூடாது. தூரத்துப் பறவையை வெட்டிப் பெரிதாக்க அந்தப் புள்ளிகள் வேண்டும்.

குரலும் கையும்

இந்த ஏரியின் பாரம்பரிய மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஊர்ச் சட்டம் அது. ஒரு பெரியவர் அதை விளக்க உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் பேசுவார். முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்துபோகும் காலத்தில் மீன் எப்படிக் குறைகிறது என்பதும் அந்தப் பேச்சில் வரும். இடையில் கேமரா சூடாகி நின்றுவிட்டால் அந்த ஓட்டம் திரும்பி வராது. காற்றுச் சத்தம் குரலை விழுங்கினாலும் பதிவு வீண். மின்விசிறி உள்ள உடல், நல்ல மைக்கை நேராக மாட்டும் எக்ஸ்எல்ஆர் துளை, ஒலியளவுக்குத் தனித் திருகு ஆகிய வசதிகளோடு வரும் சினிமா கேமராவே இங்கு ஏற்றது.

இன்னொரு காட்சி. இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். அவர்களின் பொறுமையையும் தண்ணீர் கலங்கும் ஓசையையும் வீடியோ காட்டும். ஓலைப்பறியின் விளிம்பைக் கவ்விய பற்கள், ஊறிச் சுருங்கிய விரல்கள், ஒரு பக்கம் மட்டும் வெயில் விழும் முகம் ஆகியவற்றை ஒரே பார்வையில் நிறுத்திவைக்கும் வல்லமை புகைப்படத்துக்கு உண்டு. பத்திரிகைக்கோ கண்காட்சிக்கோ போவது அந்தப் படம்தான்.

ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியுமா? முடியும். உழைக்கும் மக்களைப் படம்பிடித்துப் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார் மீன் விற்கும் தாயின் மகன். மலம் அள்ளும் கொடுமையைப் பதிவுசெய்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் அவரே.

உப்பும் அனுமதியும்

எந்தக் கேமராவானாலும் உப்புக்கு ஒன்றுதான். படகில் லென்ஸ் மாற்றாதீர்கள். கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். மின்விசிறி உள்ள கேமராவின் காற்றுத் துளைக்குள் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டுச் செலவையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்தில் 45 ஜிபியை நிரப்பிவிடும்.

ஏரியின் தமிழகப் பகுதியில் 153.67 சதுர கி.மீ. பறவைகள் சரணாலயம். 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் புகைப்படம் எடுக்கவும் படம்பிடிக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருப்பதால், ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. படம் எடுக்கப்படுகிறவரின் சம்மதத்தை மறக்கவே கூடாது.

என்ன வாங்கலாம்?

பறவை, பத்திரிகை, கண்காட்சி, கல்யாண ஆல்பம் ஆகியவை வேலையில் பாதிக்கு மேல் என்றால் ஸ்டில் கேமராவை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல மைக், காற்றுத்தடுப்பு ரோமம், நிலையான அளவுள்ள இரண்டு என்டி ஃபில்டர்கள் வாங்குங்கள். நேர்காணலும் ஆவணப்படமும்தான் பிழைப்பு என்றால், உடலுக்குள்ளேயே என்டி உள்ள சினிமா கேமரா போட்ட பணத்தை உழைத்துத் திருப்பித் தரும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவருக்கு என் பரிந்துரை: ஸ்டில் கேமராவைச் சொந்தமாக வாங்குங்கள், சினிமா கேமராவை வாடகைக்கு எடுங்கள். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் நாள் வாடகைக்குக் கேமரா கிடைக்கிறது. நேர்காணலுக்கு நாள் குறித்துவிட்டு எடுத்து வரலாம். முன்னறிவிப்பு இல்லாமல் எழும்பும் பறவைக் கூட்டத்துக்கும், விடியற்காலையில் கரைக்கு வரும் வலைக்கும் வாடகைக் கேமரா உதவாது. அந்த நேரத்தில் கையில் சொந்தக் கேமரா இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் பூநாரையை எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடுவார்கள். ‘பாடு’ முறையையும் பறியையும் முகத்துவாரத்தையும் வருஷம் முழுக்கப் பதிவுசெய்ய ஏரியோரத்துப் பிள்ளைகளால்தான் முடியும். அவர்களுடைய முதல் கடன் சரியான கேமராவுக்குப் போக வேண்டும்.