சூடு பட்டால் பொருள் விரிவது ஏன்?

காலைக் குளிரில் கண்ணாடிக் கிளாசில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்றியதும் “டக்”கென்று வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளாஸ் மட்டமானது என்று கடைக்காரரை ஏசுகிறோம். ஆனால் காரணம் சூடுதான்.

எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளால் ஆனது. சூடேறும்போது துணிக்கைகள் பெருப்பதில்லை. அவை வேகமாக அதிர்ந்து, ஒன்றைவிட்டு ஒன்று சற்றே விலகுகின்றன. அதனால் பொருள் விரிகிறது. 10 மீட்டர் தண்டவாளம் 30 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீளும். தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் சிறு இடைவெளி விடுவது இதற்காகவே.

கண்ணாடியில் சூடு மெதுவாகத்தான் பரவும். உட்பக்கம் விரிகிறது; வெளிப்பக்கம் குளிர்ந்தே நிற்கிறது. இந்த இழுபறியில்தான் கிளாஸ் வெடிக்கிறது. முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கிளாசை அலசிவிட்டு ஊற்றுங்கள். எரிகிற லாம்புச் சிமினியில் தண்ணீர் தெறிக்க விடாதீர்கள்.

மண்ணெண்ணெயும் சூட்டில் விரியும். கேனை வாய்வரை நிரப்ப வேண்டாம். அடுப்பருகில் வைக்கவும் வேண்டாம். இறுக மூடிய டின்னை ஒருபோதும் நெருப்பில் போடாதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல் டின் வெடித்துவிடும். அடுப்படியில் விளையாடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.