மனுஷனுக்கும் மார்க்கு போடுறாங்க! கைப்போனில் கிளம்பிய புது வம்பு

தோலுக்குத் தரம் பார்ப்பது ஊரறிந்த சங்கதி. ஆளுக்குத் தரம் பார்க்கலாமா?

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளில் 'செலக்ஷன்' பார்க்கத் தனி ஆட்கள் உண்டு. தோலை வெளிச்சத்தில் விரித்து முன்னும் பின்னும் புரட்டுவார்கள். உண்ணி கடித்த வடு, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எதுவும் கண்ணுக்குத் தப்பாது. பிறகுதான், இது முதல் தரம், இது கழிசல் என்று ஒதுக்குவார்கள். தப்பாகப் பிரித்தால் முதலாளி கூப்பிட்டுக் கேட்பார். பிரித்தவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் போனில் மனிதனைத் தரம் பிரிக்கிறவன் யார்? முகம் தெரியாது, பேர் தெரியாது. 'ஏம்பா இப்படிப் போட்டே?' என்று கேட்கவும் வழியில்லை!

கடைக்கு ஸ்டார் சரி, ஆளுக்கு?

ஓட்டலுக்கு ஸ்டார் போடுகிறோம். மிக்சி வாங்கினால் ஸ்டார் போடுகிறோம். சாம்பாரில் உப்பு அதிகம் என்று எழுதினால் ஓட்டல்காரர் நாளைக்கே சரிசெய்துவிடலாம்.

மனிதன் கதை வேறு. கணியம்பாடி கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். கோபத்தில் போனவன் அவர் பேரையும் படத்தையும் போட்டு, 'ஆள் மோசம், ஒரு ஸ்டார்' என்று தட்டிவிட்டால்? படிக்கிற பத்து பேருக்குப் பாக்கி விவகாரம் தெரியாது. ஒரு ஸ்டார் மட்டும்தான் தெரியும். அவர் மகளுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் முதலில் தேடிப்பார்ப்பதும் போனில்தானே!

இது வெறும் கற்பனை இல்லை. வெளிநாட்டிலும் நம் நாட்டிலும் நடந்து முடிந்த கூத்துகள் இருக்கின்றன.

கனடாவில் கிளம்பிய கூத்து

2015-ல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண்ணும் அவருடைய சிநேகிதியும் சேர்ந்து 'பீப்பிள்' என்று ஓர் ஆப்பை அறிவித்தார்கள். தெரிந்தவர் யாராக இருந்தாலும் 1 முதல் 5 வரை ஸ்டார் போடலாம். பழக்கம், தொழில், காதல் என்று மூன்று வகை மார்க்கு! உங்கள் போன் நம்பர் தெரிந்த எவரும் உங்கள் பேரில் பக்கம் திறக்கலாம். 'எனக்கு வேண்டாம், எடுத்துவிடு' என்றால் எடுக்க முடியாது என்றார்கள்.

உலகமே கொதித்தது. ஆப்பை ஆரம்பித்தவர்களையே ஜனங்கள் கண்டபடி விமர்சித்தார்கள். கடைசியில் 2016 மார்ச்சில் வெளிவந்தபோது, சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால்தான் விமர்சனம் வெளியே தெரியும் என்று இறங்கி வந்தார்கள்.

ஆண்களும் தப்பவில்லை

2013-ல் 'லுலு' என்று ஓர் ஆப். பெண்கள் பேர் சொல்லாமல் ஆண்களுக்கு 10-க்கு இத்தனை என்று மார்க்கு போடலாம். ஆண்களின் படம், பேர் எல்லாம் பேஸ்புக்கிலிருந்து வந்தன. அவர்களைக் கேட்டு எடுக்கவில்லை. பிரேசில் நாட்டில் ஆண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பிறகு, ஆண் சம்மதித்தால்தான் மார்க்கு என்று அந்தக் கம்பெனி விதியை மாற்றியது.

2025-ல் அமெரிக்காவில் 'டீ' ஆப். மோசமான ஆண்களைப் பற்றிப் பெண்கள் ஒருவரையொருவர் எச்சரிக்கத்தான் அது வந்தது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜூலை மாதம் அதன் கிடங்கு உடைந்தது. சுமார் 72,000 படங்கள் வெளியே கசிந்தன. அதில் ஏறக்குறைய 13,000 படங்கள், பெண்கள் அடையாளம் காட்டக் கொடுத்த முகப்படமும் அடையாள அட்டையும்! பாதுகாப்புத் தேடி வந்தவர்களின் முகமே சந்தியில் நின்றது.

ஏலம் போட்ட கயவர்கள்

நம் நாட்டில் நடந்தது இதைவிடக் கேவலம். 2022 ஜனவரி 1-ந்தேதி. 'புல்லி பாய்' என்ற ஆப்பில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படத்தைப் போட்டு, 'ஏலத்துக்கு' என்று எழுதியிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள், சமூக சேவகிகள் என்று பேர் சொல்லக்கூடிய பெண்கள். 2021 ஜூலையிலும் இதே மாதிரி ஓர் ஆப் வந்திருந்தது.

நிஜத்தில் யாரும் யாரையும் விற்கவில்லை. அவமானப்படுத்துவது ஒன்றே நோக்கம். மும்பை, டெல்லி போலீசார் வலைவீசிப் பிடித்தவர்களில் 18 வயதுப் பெண், 20, 21 வயது என்ஜினீயரிங் மாணவர்கள்! படிக்கப்போன பிள்ளை போனில் என்ன செய்கிறான் என்று தெரியாமல் இருந்த பெற்றோர் கதி என்ன?

வயிற்றில் அடிக்கும் ஸ்டார்

சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கும், ஆட்டோ, கார் டிரைவருக்கும் நாம் தட்டுகிற ஸ்டார் சோற்றுப் பிரச்சினை. மார்க்கு குறைந்தால் வேலை குறையும். ஐடியே முடங்குவதும் உண்டு. கர்நாடகத்தில் 2025-ல் வந்த சட்டம், இத்தகைய தொழிலாளியை நீக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் தந்து, பொதுவாக 14 நாள் முன்னறிவிப்பும் தரவேண்டும் என்கிறது. மழையில் நனைந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கு ஒரு ஸ்டார் போடுமுன் இதை நினைக்க வேண்டாமா?

சட்டம் சும்மா விடாது

நற்பெயரும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின்படி, அவதூறுக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில் உண்டு. 'பேர் போடாமல்தானே எழுதினேன்' என்று தப்ப முடியாது. போலீஸ் கேட்டால் போன் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் பேரில் எவனாவது வம்பு பண்ணினால் பதில் திட்டு எழுதாதீர்கள். உடனே அழித்துவிடவும் வேண்டாம். முதலில் தேதி, நேரத்தோடு திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியின் புகார் அதிகாரிக்கு எழுதுங்கள். பிறகு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். உதவிக்கு 1930 என்ற போன் நம்பரும் இருக்கிறது.

நிஜமாகவே ஒருவன் கெட்டவன் என்றால்? அதற்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. அங்கே குற்றம் சாட்டுகிறவனுக்குப் பேர் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பும் உண்டு. போனில் போடுகிற ஸ்டாருக்கு இந்த இரண்டும் கிடையாது.

தோலில் விழுந்த வடுவைக்கூடப் பாலிஷ் போட்டு மறைக்கலாம். பேரில் விழுந்த வடுவை எதைப் போட்டு மறைப்பது? தட்டப்போகிற விரல் ஒரு நிமிஷம் நிற்கட்டும்!