ஏரல் வெயிலுக்கு நாலு முழம் போதும்

ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வரும் வெளியூர் நண்பர்கள் "என்ன டிரெஸ் எடுத்துட்டு வரணும்?" என்று கேட்பதுண்டு. என் பதில்: ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி வேட்டி.

காரணம் எளிய இயற்பியல்தான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டி விழுந்தால் அந்தப் பலன் இல்லை. தூத்துக்குடிக் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். வியர்வை லேசில் காயாது. இறுக்கமான ஜீன்ஸ் இருக்கிற காற்றையும் அடைத்துவிடும்.

அப்படின்னா பாலைவனத்து பெதூயின்கள் ஏன் கறுப்பு அங்கி போடுறாங்க? 1980இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதைச் சோதித்தது. கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை வாங்கினாலும், அங்கி தொளதொளவென்று இருப்பதால் அது தோலுக்கு வரும் முன்பே காற்றோடு போய்விடுகிறது. ஆக, நிறத்தைவிடத் தளர்வுதான் முக்கியம்.

எட்டு முழம் என்றால் இரண்டு அடுக்கு. நடக்க, தாமிரபரணியில் குளிக்க நாலு முழமே போதும், சீக்கிரம் காய்ந்துவிடும்.

மரியாதை பற்றிய கவலையா? 2014இல் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு, அப்படித் தடுப்பதே குற்றம் என்று தமிழகச் சட்டமன்றம் சட்டம் போட்டுவிட்டது. தைரியமாகக் கட்டுங்கள்.