உதட்டுக்கும் ஒரு ஆர்.டி.!

பீரோ மேல் பன்னிரண்டு வருஷமாகத் தூங்கிக் கொண்டிருந்த சாக்ஸபோனை இறக்கித் தூசி தட்டி, மூச்சைப் பிடித்துக் கொண்டு ஊதினேன். மாடி வீட்டு மாமி பதறியடித்துக் கொண்டு இறங்கி வந்தார்.

"ஏம்ப்பா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

விஷயம் இதுதான். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். நாற்பது நாள்தான் பாக்கி. "அன்னிக்கு 'டூயட்' படப் பாட்டு ஒண்ணு வாசிடா, போதும்" என்றார்.

அப்பா எதையும் வாய்விட்டுக் கேட்கிற ரகமே இல்லை. 2009-ல் நான் பி.காம். சேர்ந்தபோது, பி.எஃப். லோன் போட்டு இந்த செகண்ட்ஹாண்ட் ஆல்ட்டோ சாக்ஸபோனை வாங்கித் தந்தவர். நாலு வருஷம் ஊதினேன். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை, இ.எம்.ஐ... வாத்தியம் பீரோ மேல் ஏறிவிட்டது. 'ஏன்டா விட்டே?' என்று அப்பா ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அதனாலேயே இப்போது மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வாய்! வில்லங்கமே அங்கேதான் ஸார்.

1994-ல் வந்த 'டூயட்' படத்துக்கு சாக்ஸபோன் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, மேல்நாட்டு வாத்தியத்தில் கர்நாடக சங்கீதத்தைக் குழைத்துக் கொடுத்தவர். 2019-ல் காலமானார். வீட்டில் அந்த கேசட்டை அப்பா தேய்த்த தேய்ப்பில்தான் எனக்கும் ஆசை வந்தது. அவர் வாசிப்பதைக் கேட்டால் பாயசம் குடிப்பது மாதிரி அத்தனை சுலபமாகத் தெரியும்.

பெட்டியைத் திறந்தேன். பழைய ரீடுகளின் நுனி நெளிந்து, ஓரமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. தூக்கிப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். ரீடு என்பது நாணல் வகைத் தட்டையைச் சீவிச் செய்த மெல்லிய பட்டை. அது துடித்தால்தான் சத்தம். நம்பர் கூடக் கூட விறைப்பும் கூடும். காலேஜில் நான் மூன்றாம் நம்பர். அதே கெத்தில் மூன்றாம் நம்பரே வாங்கினேன்.

சரியாக ஐந்து நிமிஷம்! உதடு நடுங்கியது. வாயின் இரண்டு ஓரமும் 'புஸ்'ஸென்று காற்றை விட்டது. விடுவேனா? பல்லைக் கடித்தேன். சுருதி ஏறிக் கீச்சிட்டது. கொஞ்சம் தளர்த்தினேன். சறுக்கிக் கீழே விழுந்தது. கீழ்ப்பல் பட்டு உள் உதடு கிழிந்ததுதான் மிச்சம். ராத்திரி மிளகு ரசத்தில் கண்ணீர் பொங்கியது.

"என்னங்க, அப்பாவை நெனச்சு அழறீங்களா, ரசத்துக்கா?" என்றாள் மனைவி.

மறுநாள் வாத்தியத்தைத் தூக்கிக் கொண்டு பழைய பேண்ட் மாஸ்டரிடம் ஓடினேன். "மாஸ்டர், இது ரிப்பேர்!"

வாங்கி ஊதிப் பார்த்தார். மண்டபமே அதிர்கிற மாதிரி ஒரு நாதம். "ரெண்டு பேடு காய்ஞ்சிருக்கு தம்பி, மாத்திக்கலாம். மத்தபடி ரிப்பேர் இதுல இல்ல, உன் உதட்டுல!"

பிறகு விளக்கினார். வாயைச் சுற்றி வட்டமாக ஒரு தசை இருக்கிறது. சுருக்குப் பை கயிறு மாதிரி. கீழுதடு ரீடுக்கு மெத்தை, அவ்வளவுதான். பிடிப்பு நாலா பக்கமும் சமமாக இருக்க வேண்டும். அந்தத் தசை களைத்தால் மனுஷன் தன்னையறியாமல் பல்லால் கடிக்கிறான். கடித்தால் ரீடு துடிக்காது, உதடும் புண்ணாகும்.

"பன்னெண்டு வருஷம் பேங்க்ல பணமே போடாம, ஒரே நாள்ல லட்ச ரூபா எடுக்கப் போனா குடுப்பானா? ரெண்டாம் நம்பர் ரீடு வாங்கு. அஞ்சு நிமிஷம் ஊது, அஞ்சு நிமிஷம் சும்மா இரு. ஒரே ஸ்வரத்தை நீளமா, நேரா பிடி. ஓரத்துல காத்து ஒழுகினா அன்னிக்குக் கடையைக் கட்டு!"

"மூணுலேருந்து ரெண்டா மாஸ்டர்...?"

"அப்பா உன் வாசிப்பைக் கேக்கப் போறாரா, ரீடு நம்பரையா?"

பி.காம். படித்தவனுக்கு இது உறைக்காமல் இருக்குமா? உதட்டுக்கு ஒரு ஆர்.டி. கணக்கு ஆரம்பித்தேன். தினம் பத்து நிமிஷம். இரண்டாம் வாரம் இருபது. கண்ணாடி முன் நின்று வாயோரத்தை நானே ஆடிட் செய்தேன்.

ரீடுக்கும் ஒரு பாடம் சொன்னார். "நாயனத்துல சீவாளி கொத்தா தொங்குதே, அழகுக்கா? ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு!" நானும் நாலு ரீடு வாங்கி, பென்சிலால் எண் போட்டு, முறை வைத்து மாற்றி மாற்றி வாசித்தேன். ஊதும் முன் ஓரிரு நிமிஷம் தண்ணீரில் நனைத்தல். முடிந்ததும் துடைத்து, நெளியாமல் தட்டையாக டப்பாவில் வைத்தல். வாத்தியத்திலேயே மாட்டி வைத்தால் பழைய கதைதான். பூஞ்சை!

நாலாம் வாரம் கீச்சு நின்றது. மாடி மாமி, "இன்னிக்கு ஊதலையா?" என்று கேட்டார். பத்மஸ்ரீ கிடைத்த மாதிரி இருந்தது.

அறுபதாம் கல்யாணத்தன்று மண்டபத்தில் நாயனக்காரர் ஒரு மாதிரிப் பார்க்க, எழுந்து வாசித்தேன். பல்லவி, ஒரு சரணம். இரண்டாவது சரணத்துக்கு ஆசைதான். ஆனால் வாயோரம் லேசாக நடுங்கியது. மாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பல்லவிக்குத் திரும்பி, அழகாக முடித்து உட்கார்ந்து விட்டேன்.

மாலையும் கழுத்துமாக இருந்த அப்பா கிட்டே கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. அன்று மிளகு ரசம் இன்னும் பரிமாறவில்லை.

காதோரம் சொன்னார்: "அந்த பி.எஃப். லோன் இன்னிக்குத்தான்டா அடைஞ்சுது!"