புன்னைக்காயல்

புன்னைக்காயல், தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ள ஒரு மீனவ ஊராகும். தூத்துக்குடிக்குத் தெற்கிலும் காயல்பட்டினத்திற்கு வடக்கிலும் உள்ளது. காயல் என்பது கடலையொட்டிய உப்பங்கழியைக் குறிக்கும் சொல். பேச்சு வழக்கில் புன்னக்காயல் என்பர்.

ஆறும் துறைமுகங்களும்

இவ்வூரின் வரலாற்றை ஆற்று வண்டலின் வரலாறு எனலாம். சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கை இதே ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தது. வண்டல் படியப் படியக் கடல் விலகியது. கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர். அதன்பின் சிறப்புற்ற பழையகாயலும் அவ்வாறே தூர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட 'காயில்' இதுவே எனக் கால்டுவெல் கருதினார். இவற்றுக்குப் பின் கடல் வணிகம் புன்னைக்காயலை வந்தடைந்தது.

போர்த்துக்கீசர் காலம்

முத்துக்குளித்துறை மீதான போட்டியில் போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடிய பரதவர், 1535-37 காலப்பகுதியில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். புன்னைக்காயல் போர்த்துக்கீசரின் தளமாயிற்று. 1553இல் இவ்வூர் தாக்கப்பட்டு அவர்கள் சிறைப்பட்டனர். பின்னர் அவர்களது முதன்மைத் தளம் தூத்துக்குடிக்கு மாறியது.

இயேசு சபைத் துறவியான என்றிக்கே என்றீக்கசு இங்கு நெடுங்காலம் பணியாற்றினார். தமிழ் கற்று இலக்கணம் எழுதிய இவரது 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்துகளில் அச்சிடப்பட்டு இன்று கிடைக்கும் மிகப் பழைய நூல் இதுவே. அச்சுப்பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் இக்கரையின் பரதவர்கள். கடலடியில் மூச்சடக்கி ஈட்டிய பணம் தமிழ் அச்செழுத்தானது என்பது பலரும் அறியாத செய்தி. 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது பரவலான கருத்து. எனினும் ஆய்வாளரிடையே இதில் ஒருமித்த முடிவு இல்லை.

மக்கள் வாழ்வு

முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டுக்குப் 'பார்' என்று பெயர். குளிப்பவர் காலில் கல்லைப் பிணைத்து இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் சிப்பிகளைக் கூடையில் அள்ளுவார். படகில் நிற்பவர் கயிற்றை இழுத்து அவரை மேலேற்றுவார். உயிர் அக்கயிற்றைப் பிடித்தவர் கையில் இருந்தது. பார்கள் ஆண்டுதோறும் விளைவதில்லை. பல ஆண்டுகள் வெறுமையாகவே கழியும். இக்கடலில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961இல் நின்றுபோனது.

ஊரின் வாழ்வாதாரம் இன்று மீன்பிடித்தலே. பர்னாந்து, ரொட்ரிகோ முதலிய போர்த்துக்கீசப் பெயர்கள் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லாமை இக்கரையின் வழக்கம். ஆற்று முகத்தில் அலையாத்திக் காடுகள் உள்ளன.

படகுகள் கடலுக்குச் செல்ல முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். மணல் சேர்ந்தால் வழி அடைபடும். வெள்ளம் வடிவதற்கும் அதுவே வழி. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. அப்போது தாமிரபரணியின் பெருவெள்ளம் புன்னைக்காயலைச் சூழ்ந்து கடலில் கலந்தது.