சதுப்பு நிலக் காட்டின் கூச்சக்காரப் பறவை

பிரிக்பீல்ட்சில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குப் பறவை என்றால் காகம், மைனா, புறாதான். ஆனால், பச்சை முதுகு, நீலச் சிறகு, கறுப்பு முகம், வாலடியில் சிவப்பு என இத்தனை நிறங்களுடன் ஒரு பறவை சிலாங்கூர் கடலோரத்தில் வாழ்கிறது. அதுதான் சதுப்பு நிலப் பிட்டா. நிழல் படர்ந்த சேற்றுத் தரையில் தத்தித் தத்தி இரை தேடுவதால், எளிதில் கண்ணில் படாது.

'பிட்டா' தெலுங்குச் சொல். சிறு பறவை என்று பொருள். மலாயில் 'பூரோங் பாச்சாட்', அதாவது அட்டைப் பறவை. இதன் இந்திய உறவுக்காரப் பறவையைத் தமிழில் 'ஆறுமணிக் குருவி' என்பார்கள். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் வந்த பெயர் அது.

இதைத் தேடிப் போக ஏற்ற இடம், 1987இல் தொடங்கப்பட்ட கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகச் சென்றால் புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் இருக்கிறது.

காலையிலேயே போய்விடுங்கள். மங்கலான நிற உடை அணியுங்கள். கொசு மருந்தை மறக்காதீர்கள். முதலில் வேலை செய்ய வேண்டியது காதுதான். இரண்டு அசையில் விசில் போன்ற குரல் கேட்டால், அசையாமல் நின்று தரையைக் கவனியுங்கள். நீலச்சிறகுப் பிட்டா என்னும் வலசைப் பறவையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அலகைப் பாருங்கள். நண்டு, நத்தைகளை உண்ணும் சதுப்பு நிலப் பிட்டாவுக்கு அலகு பெரிது, தடிமன்.

சிலர் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள். போட்டிப் பறவை தன் இடத்துக்குள் புகுந்துவிட்டதாக நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டு அது ஓடி வரும். நமக்கு ஒரு படம் கிடைக்கும். அந்த நேரத்தில் குஞ்சுகளுக்குக் காவல் இருக்காது. காத்திருந்து பார்ப்பதே நியாயம்.

அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என வகைப்படுத்தியுள்ளது. சதுப்பு நிலக் காடுகள் அழிவதே முக்கியக் காரணம். மேற்குத் துறைமுகம் அமைந்துள்ள பூலாவ் இண்டாவும் ஒரு காலத்தில் அத்தகைய காடுதான்.

மாணவர்களால் ஒன்று செய்ய முடியும். பறவையைப் பார்த்த நாள், நேரம், இடத்தைக் குறித்து, 'இ-பேர்ட்' போன்ற பொதுத் தளத்தில் பதிவிடுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் வெளியிடாதீர்கள். ஒரு காட்டில் என்ன வாழ்கிறது என்ற பதிவு இருந்தால்தான், அதை அழிக்க வரும்போது எடுத்துச் சொல்ல நம்மிடம் சான்று இருக்கும்.