டெலஸ்கோப் வாங்கியும் நட்சத்திரம் அகப்படவில்லையா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்தது. பிள்ளைகளின் நெடுநாள் ஆசைப்படி, ஆறு அங்குலக் குழியாடி பொருத்திய டெலஸ்கோப் ஒன்றும் வீட்டுக்கு வந்துவிட்டது. செம்பூரிலோ முலுண்டிலோ ஒரு மொட்டை மாடி. குடும்பத் தலைவர் கண்ணை வைத்து அரை மணி நேரமாகத் துழாவுகிறார். கிழக்கே கார்த்திகைக் கூட்டம் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. டெலஸ்கோப்பில் மட்டும் அகப்படவில்லை!

கடைசியில் ஒரு நட்சத்திரம் சிக்குகிறது. "ஓடி வாம்மா!" என்று மகளைக் கூப்பிடுகிறார். மகள் வந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதற்குள் அது நகர்ந்து மறைந்துவிடுகிறது. நாலு நாள் இப்படியே போனால், ஐந்தாம் நாள் டெலஸ்கோப் கட்டிலுக்கு அடியில்தான். பல வீடுகளில் நடப்பது இதுவே.

கோளாறு டெலஸ்கோப்பில் இல்லை. கண் வைக்கும் இடத்தில் செருகியிருக்கிறதே, அந்தச் சிறு குழாயில் இருக்கிறது. பாடப்புத்தகம் அதைக் கண்ணருகு லென்ஸ் என்று சொல்லும். கடைகளில் ஐபீஸ் என்றால்தான் தெரியும்.

மடங்கு மயக்கம்

இத்தகைய டெலஸ்கோப்புடன் பொதுவாக இரண்டு ஐபீஸ்கள் வரும். ஒன்றில் 25 மில்லிமீட்டர் என்றும் மற்றதில் 10 மில்லிமீட்டர் என்றும் பொறித்திருக்கும். டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது வந்துவிடும். ஆறு அங்குல டெலஸ்கோப்புக்குக் குவியத் தூரம் 1200 மில்லிமீட்டர் என்றால், 25க்கு 48 மடங்கு. 10க்கு 120 மடங்கு.

120 பெரிதா, 48 பெரிதா? காசு கொடுத்து வாங்கியவர் 120ஐத்தான் செருகுவார். அங்கேதான் தவறு நேர்கிறது. மடங்கு கூடக்கூடத் தெரியும் வானத்தின் பரப்பு சுருங்குகிறது. 120 மடங்கில் அரை டிகிரிகூடத் தெரியாது. முழு நிலாவே அதில் அடங்காது. கார்த்திகைக் கூட்டத்தின் முக்கிய நட்சத்திரங்களோ ஒரு டிகிரிக்குப் பரந்து கிடக்கின்றன. வாசல் சாவித்துவாரம் வழியாகத் தேர்த் திருவிழா பார்ப்பதுபோல்தான்!

பூமியோ சுழன்றுகொண்டே இருக்கிறது. நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் வானம் நகர்கிறது. 120 மடங்கில் ஒரு நட்சத்திரம் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். குறைந்த மடங்குள்ள ஐபீஸில் ஐந்து நிமிடம்வரை நிற்கும். வீட்டில் நாலு பேரும் வரிசையில் நின்று பார்த்துவிடலாம்.

கலீலியோவுக்கும் இதே தொல்லை இருந்தது. அவருடைய கருவியில் முழு நிலாவும் ஒரே பார்வையில் அடங்காது. அதை வைத்துக்கொண்டு கார்த்திகைக் கூட்டத்தில் 36 நட்சத்திரங்களைக் குறித்து 1610ல் படம் வெளியிட்டார் என்றால், அந்தப் பொறுமை எல்லோருக்கும் வருமா?

40ஐ விட 32 மேல்

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கூடவே வந்த 25ஐச் செருகிப் பார்ப்பது. ஒரு டிகிரிக்குச் சற்று மேல் தெரியும். அது போதவில்லை என்றால்தான் செலவு.

புதிதாக வாங்குவோர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. "25ஐ விட 40 இன்னும் அகலமாகக் காட்டுமே" என்று 40 மில்லிமீட்டர் ஐபீஸ் வாங்கிவிடுகிறார்கள். மடங்கு குறைவது உண்மை. ஆனால் பரப்பு ஓர் அளவுக்கு மேல் கூடாது. காரணம், குழாயின் வாய். இன்றைய ஐபீஸ்களில் பெரும்பாலானவை ஒன்றேகால் அங்குலக் குழாயில் வருகின்றன. அதன் உட்புறம் சுமார் 27 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் காட்சி நுழைய வழியில்லை.

'ப்ளாசல்' வகையில் 32 மில்லிமீட்டர் ஐபீஸே அந்த 27ஐ முழுக்கப் பயன்படுத்திவிடுகிறது. வியன்னாவில் ப்ளாசல் என்பவர் 1860ல் அமைத்த முறை இது. இன்றும் சிக்கன விலைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. 1200 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பில் 37 மடங்கு, கிட்டத்தட்ட 1.3 டிகிரி. 40 போட்டாலும் அதே வானம்தான். வட்டம் மட்டும் சிறுத்துத் தெரியும். இரண்டு அங்குலக் குழாய் ஏற்கும் டெலஸ்கோப் என்றால் இரண்டு டிகிரிக்கு மேல் பார்க்கலாம். பழைய டெலஸ்கோப்புகள் சிலவற்றில் வாய் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. கடைக்குப் போகுமுன் அளந்துகொள்வது நல்லது.

நகரத்து வானம்

மும்பை போன்ற ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றைக்கு ஒரு தடிப்பு உண்டு. குழியாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். மேலே சொன்ன 32ல் அது 4 மில்லிமீட்டர். இது தடிக்கத் தடிக்கத் தெருவிளக்குகளால் வெளுத்த வானமும் கூடவே பளிச்சிடும். மங்கலான நட்சத்திரங்கள் அதில் கரைந்துவிடும்.

இதற்குத் தீர்வு, 68 டிகிரி காட்டும் 24 மில்லிமீட்டர் ஐபீஸ். 50 மடங்கு பெருக்கியும் அதே 1.3 டிகிரி வானத்தைக் காட்டும். கற்றை 3 மில்லிமீட்டர்தான் என்பதால் வானத்தின் வெளுப்பு பாதிக்குச் சற்று மேலாகக் குறைந்து நிற்கும். விலை கூடுதல்தான். நகரத்து மாடியிலிருந்தே பார்ப்பவர் காசு சேர்த்து வாங்கினால் வீண் போகாது. 1980 வாக்கில் அமெரிக்காவின் அல் நாக்லர் கொண்டுவந்த 82 டிகிரி வகையும் உண்டு. அப்போலோ வீரர்களின் பயிற்சிக் கருவிக்குக் காட்சி அமைத்தவர் அவர். அந்த ஐபீஸ் ஒன்றின் விலைக்குச் சிறிய டெலஸ்கோப்பே வாங்கிவிடலாம் என்பதால் அதை விட்டுவிடலாம்.

வயதும் ஒரு கணக்கு. இருட்டில் இளைஞரின் கண் பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவருக்கு 5 வந்தாலே அதிகம். 130 மில்லிமீட்டர் விட்டமும் 650 குவியத் தூரமும் உள்ள குட்டை டெலஸ்கோப்பில் 32ஐப் போட்டால் 20 மடங்கு, கற்றை 6.5 மில்லிமீட்டர். ஐந்துக்கு மேற்பட்ட ஒளி கண்ணுக்குள் போகாமல் வெளியே சிந்துகிறது. 130க்குக் காசு கொடுத்தவர் 100 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பில் பார்ப்பதாக ஆகிவிடும். அவருக்கு 24, 25 போதும்.

கண்ணாடி அணிந்தவருக்கு 32 மெத்த வசதி. கண்ணை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரியும். 10ல் கண்ணிமை லென்ஸில் இடிக்கும். வெறும் கிட்டப்பார்வை மட்டும் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்.

வாங்குமுன் பிறருடையதில் பார்த்துவிடுவது உத்தமம். கர்ஜத் லோக்கலில் பத்லாப்பூரை அடுத்து வாங்கணி வருகிறது. 'ககோல் மண்டல்' போன்ற மும்பை வான்நோக்கு அமைப்பினர் மழைக்காலம் முடிந்தபின் அங்கே கூடி இரவு முழுவதும் வானம் பார்ப்பது வழக்கம். கேட்டால் தங்கள் டெலஸ்கோப்பில் கண் வைக்க விடுவார்கள்.

செலவே கூடாது என்பவருக்கு வேறொரு வழி. பத்து மடங்கு என்று பொறித்த பழைய மைக்ராஸ்கோப் ஐபீஸ், 25 மில்லிமீட்டருக்குச் சமம். குழாய் 23 மில்லிமீட்டர்தான். லேத் பட்டறையில் இருக்கும் நண்பர் ஒரு பித்தளை வளையம் கடைந்து கொடுத்தால் டெலஸ்கோப்பில் பொருந்தும். பரப்பு குறைவுதான். நீளமான டெலஸ்கோப்பில் நன்றாகவே காட்டும். குட்டையானதில் ஓர நட்சத்திரங்கள் இழுத்துக்கொண்டு தெரியும்.

எதை வாங்கினாலும் மும்பை மழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஜூன் பிறந்ததும் ஐபீஸ்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடும் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். பொட்டலம் ஈரமானால் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் போடலாம். அக்டோபரில் எடுக்கும்போது, தூசியை ரப்பர் குமிழால் ஊதித் தள்ள வேண்டுமே தவிர, வேட்டி முனையால் துடைக்கக்கூடாது.